வில்ஃப் வயலில் கிடைத்த வெண்கலம்

ஸ்டோக்கம் அருங்காட்சியகத்தில் பழம்பொருள் அடையாளக் குழு என்று ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அது பொருட்களை அடையாளம் காணும். மற்ற நேரங்களில் அதற்கு எதுவும் அடையாளம் தெரியாது, வந்து நிற்கும் மனிதர்கள் உட்பட. என் கணவர் டெஸ் இருபத்திரண்டு வருடங்களாக அங்கே போய்வருகிறார். ஒவ்வொரு முறையும் பெயரைக் கேட்பார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்வது போலப் பணிவாகச் சொல்வார்.

டெஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமையானால் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு யாராவது ஒரு விவசாயியின் வயலுக்குப் போய்விடுவார். ஏழு பண்ணைக்காரர்கள் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். கிடைப்பதெல்லாம் பித்தான், கொக்கி, தையல் விரலுறை இப்படித்தான். ஆனால் ஒவ்வொன்றையும் குழுவிடம் கொண்டுபோய்க் காட்டி, எந்த வயலில், எந்த இடத்தில், எத்தனை அங்குல ஆழத்தில் என்று பதிவு செய்துவிடுவார். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் ஆண்கள் கிடைத்த இடத்தைக் கேட்டால் இரண்டு வயல் தள்ளித்தான் சொல்வார்கள், அடுத்தவன் வந்து தோண்டிவிடுவான் என்று. டெஸ் அப்படி மாற்றிச் சொல்லமாட்டார். மாவட்டப் பதிவேட்டில் அவர் பெயரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பொருட்கள் இருந்தன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும்தான் அவர் இந்த உலகத்தில் விட்டுப்போகும் தடம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

முந்நூற்றுப் பதின்மூன்றாவது, அந்த ஏழு பேரில் ஒருவரான வில்ஃப் கூடரமின் வயலில், கோதுமை அறுத்த தாளுக்கு நடுவே கிடைத்தது. விரல் நீளம். வெண்கலம். ஒரு முனையில் இரண்டு காதுகள் மாதிரி ஏதோ. மறுமுனையில் குழி, குழி நிறைய இறுகிப்போன மண். டெஸ் அதைச் சமையலறை மேஜையில் செய்தித்தாள் மேல் வைத்துவிட்டு, தேநீரை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குழாய்ல காமிச்சா மண்ணு போயிடும். என்னன்னு தெரிஞ்சிடும்," என்றேன்.

"கழுவக் கூடாது கிளெண்டா. விதிமுறை நாலு."

"பல் தேய்க்கிற பிரஷ் வச்சு லேசா?"

"அது விதிமுறை அஞ்சு."

அந்த வியாழக்கிழமை பதினான்கு பக்கப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனார். முப்பத்தோராவது கேள்வி, வயலில் சமீபத்தில் என்ன நடந்தது என்பது. "போன வருடம் மாவட்ட உரம் போட்டார்கள்" என்று எழுதினார். ஊர்க்காரர்கள் தோட்டக் குப்பைத் தொட்டியில் போடுவதையெல்லாம் மாவட்ட நிர்வாகம் அரைத்து, மக்கவைத்து, விவசாயிகளுக்குத் தரும் உரம் அது. பூச்செடியோடு கரண்டியும் கதவுப்பிடியும் அரைபட்டு வரும். டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கண்டாலே வயிறு எரியும்.

குழுவின் தலைவர் டாக்டர் பெவிஸ் லாங்ரிட்ஜ், படிவத்தை வாங்கி முப்பத்தோராவது கேள்விப் பக்கத்தைத் தனியாகக் கிழித்து ஒரு தட்டில் போட்டார்.

"அது புள்ளிவிவரத்துக்கு. நாங்க படிக்கிறதில்ல," என்றார்.

குழுவில் இன்னும் இரண்டு பேர். மிஸ் க்ரோம் உடையில் குத்தும் ஊசிப்பதக்கங்களில் நிபுணர். மிஸ்டர் டில்னி குதிரைச் சேணத்தில் நிபுணர். முதல் கூட்டத்தில் மிஸ் க்ரோம் அதை ஊசிப்பதக்கம் என்றார். இதில் ஊசியே இல்லையே என்று டெஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இல்லைல்ல? அதுதான் பெரிய ஆதாரம்," என்றார் மிஸ் க்ரோம். "ஊசி இருந்தாத்தான் அது காணாமப் போக முடியும்."

மிஸ்டர் டில்னி அதைக் குதிரைக்கு உரியது என்றார். அவருக்கு எல்லாமே குதிரைக்கு உரியதுதான். ஒருமுறை டெஸ் தவறுதலாகத் தன் கார்ச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

டாக்டர் லாங்ரிட்ஜ் இருவரையும் கையமர்த்தினார். பொருளைக் காது மேலே இருக்கும்படி பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். "இது ஒரு முகம். காதுள்ள முகம். காது யாருக்கு இருக்கும்? கேக்கிறவனுக்கு. யாரு கேக்கிறது? தெய்வம்."

அது எந்த விலங்கின் காது என்று தீர்மானிக்கக் காதுகளுக்கான துணைக்குழு அமைக்கப்பட்டது. அது ஐந்து மாதம் கூடியது. பூனைக்கு இரண்டு ஓட்டு, முயலுக்கு மூன்று. மூன்று பேர் உள்ள குழுவில் ஐந்து ஓட்டு எப்படி விழுந்தது என்று கேட்டேன். தலைவருக்குத் தலைவர் என்ற முறையில் ஒன்று, அறிஞர் என்ற முறையில் ஒன்று, ஓட்டு சமமானால் தீர்ப்பதற்கு ஒன்று என்றார்கள்.

அதன்பிறகு எங்கள் பக்கம் முயல் தெய்வ ஜுரம் பரவியது. நகர மண்டபத்தில் டாக்டர் ஒன்றரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினார். மாதர் சங்கம் முயல் காது வைத்து பிஸ்கட் சுட்டது. வில்ஃபின் கிராமத்துப் பெயர்ப்பலகையில் முயலை வரைவது பற்றி ஊராட்சியில் விவாதம் நடந்தது. டெஸ் சொற்பொழிவுக்கு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார், கல்யாணத்துக்கு வாங்கிய டையைக் கட்டிக்கொண்டு. டாக்டர் அவர் பெயரைச் சொல்லவில்லை. "உள்ளூர் ஆள் ஒருவர்" என்றார். டெஸ்ஸுக்கு அதுவே போதுமாக இருந்தது, எனக்குப் போதவில்லை.

பதினோராவது மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டாக்டர் பெருமைக்காக அங்கே ஒரு பேராசிரியருக்குப் படம் அனுப்பியிருந்தார். அந்த மனிதர் எழுதியிருந்தார்: மண் அப்பியிருப்பதால் இது என்ன பொருள் என்று சொல்ல முடியவில்லை, தயவுசெய்து கழுவிவிட்டு மறுபடி படம் அனுப்பவும். ஆனால் வேலைப்பாடு ஐயமில்லாமல் எங்கள் ரைன் ஆற்றங்கரையைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் இப்படி ஒன்று எந்த மண்ணிலும் கிடைத்ததில்லை, கிடைக்கவும் கூடாது. முயலைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை என்று முடித்திருந்தார்.

ஒரு சாதாரண ஆள் என்றால் தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பாச் சொல்லிட்டேன் போல" என்றிருப்பான். இவர்கள் டெஸ்ஸைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

"குழு தப்பு பண்ணல, மிஸ்டர்..." என்று டாக்டர் நிறுத்தினார்.

"மாப்ஸ்," என்றார் டெஸ்.

"குழு தப்பு பண்ணாது. அதுக்கு அதிகாரமில்ல. அப்ப தப்பு வேற எங்கயோ நடந்திருக்கு. இது அந்த வயல்ல கிடைச்சதில்ல. நீங்க வெளியூர்ல எங்கயோ வாங்கிட்டு வந்து, எங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"வில்ஃப் வயல்தாங்க. ஆறு அங்குலம். நான் அளந்தேன்."

"அளந்திருப்பீங்க. பொய் சொல்றவங்கதான் ரொம்பச் சரியா அளப்பாங்க."

மறுவாரம் ஏழு பண்ணைக்காரர்களுக்கும் குழுவிடமிருந்து கடிதம் போனது. இன்னார் சொல்லும் இடங்கள் நம்பத்தகாதவை, இவரை நிலத்தில் அனுமதிப்பது அறிவுக்கு உகந்ததல்ல. மாவட்டப் பதிவேட்டில் அவருடைய முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளுக்கும் எதிரே "இடம் சந்தேகத்துக்குரியது" என்று எழுதிக் குறுக்குக் கோடு போட்டார்கள். இருபத்திரண்டு வருடத்துப் பித்தான்கள் ஒரே நாளில் பொய்யாகிப் போயின. பொருளால் அறிவுக்குப் பயனில்லை என்று அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தபாலில் திருப்பி அனுப்பினார்கள். பதினோரு மாதம் தெய்வமாக இருந்தது அது.

வில்ஃப் தொலைபேசியில் கூப்பிட்டார். "டெஸ்ஸு, எனக்கு உன்னையத் தெரியும். ஆனா காகிதம் வந்திருக்கு. மாவட்ட முத்திரை குத்தியிருக்கான். என் நிலக் குத்தகை மாவட்டத்துக்காரன் கையில இருக்கு. கொஞ்ச நாளைக்கு வராம இரேன்."

டெஸ் சரி என்றார். டிடெக்டரைக் கொட்டகையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவினார். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வாளியும் துணியுமாக உள்ளே வந்து, "நான்தான் ஏதாவது பண்ணிட்டேனோ கிளெண்டா? எங்கயோ வாங்கி, பாக்கெட்ல இருந்து விழுந்து, மறந்துட்டேனோ? படிச்சவங்க சொல்றாங்களே," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அதுவரை வந்ததெல்லாம் எரிச்சல். ஒரு மனிதனைப் பொய்யன் என்று சொல்வது ஒன்று. அவனையே அதை நம்பவைப்பது வேறு. அந்த டாக்டரை நான் சும்மா விடப்போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். நியாயம் கிடைக்கவேண்டும் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. அந்த ஆள் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

மேல்முறையீட்டுக்கு எழுதிப்போட்டேன். மேல்முறையீட்டை விசாரிப்பதும் அதே மூன்று பேர்தான். அதற்கு மட்டும் வேறு நாற்காலிகளில் மாறி உட்காருவார்களாம். குறித்த நாளில் போனால் கீழே சுவருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். மேல்மாடிக் காட்சிக்கூடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். டெஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆறாவது பெட்டிக்குள் ஒரு சின்ன வெண்கலப் பேழை இருந்தது, நகை வைப்பது. லேசாகச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் அட்டை: ரைன் நதிக்கரை, ஒரு பாதிரியார் வாங்கிவந்து நன்கொடையாகக் கொடுத்தது. பேழைக்கு மூன்று கால்கள். விரல் நீளம். ஒவ்வொரு காலும் அடியில் இரண்டாகப் பிளந்து, குளம்பு மாதிரி, தலைகீழாகப் பிடித்தால் காது மாதிரி இருந்தது. நாலாவது மூலைக்குக் காலுக்குப் பதில் ஒரு ஒயின் பாட்டில் தக்கை முட்டுக்கொடுத்திருந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். இவர்கள் தலைக்கு மேல் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஜெர்மனி வரை அலைந்திருக்கிறார்கள், அதுவும் பொருளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்தர் க்யூபிட் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதோட நாலாவது கால் எங்க ஆர்தர்?" என்று கேட்டேன்.

"அதுவா? மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பெட்டிக்கெல்லாம் கண்ணாடி மாத்தினாங்க. எல்லாத்தையும் வைக்கோல் வச்சு அட்டைப்பெட்டியில கட்டி வச்சோம். திரும்ப எடுக்கறப்ப மூணு கால்தான் இருந்துச்சு. ஒண்ணு கழண்டு வைக்கோல்ல விழுந்திருக்கும்னு நான் சொன்னேன். அதுக்குள்ள வைக்கோல் பூராவும் தோட்டக் குப்பைத் தொட்டிக்குப் போயிடுச்சு. அதே நாள்ல காலி பண்ணணும்னு கீழ இருந்து உத்தரவு."

"யாரு உத்தரவு?"

"டாக்டர் லாங்ரிட்ஜ்தான். கையெழுத்துப் போட்ட தாளு இன்னும் என் மேஜையில இருக்கு. எதையும் தூக்கிப் போடறதுக்கு எனக்கு மனசு வராது. அதான் தக்கைய வச்சேன்."

அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். பிறகு பெண்கள் கழிப்பறைக்குப் போய், கைப்பையிலிருந்து பொருளை எடுத்து, வெந்நீரில், சோப்புப் போட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். விதிமுறை நாலும் ஐந்தும் மண்ணோடு வடிகாலில் போயின. குழிக்குள் சின்னதாக, மையில், மேலே வார்னிஷ் பூசி ஒரு எண் எழுதியிருந்தது. அருங்காட்சியகக்காரர்கள் தங்கள் உடைமைகள் மேல் எழுதுவது. திரும்பிப் போய் ஆர்தரின் பதிவு நோட்டில் பார்த்தேன், கண்ணாடிப் பெட்டியிலிருந்த மூன்று கால்களுக்கும் அதே எண்தான். கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று. என் கையிலிருந்தது நான்கு.

டெஸ்ஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நேரே டாக்டரிடம் போய், "பரவாயில்லைங்க, யாருக்கும் நடக்கிறதுதானே" என்று கையில் கொடுத்துவிட்டு வந்திருப்பார்.

விசாரணை ஆரம்பித்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "டாக்டர், எனக்கு ஒண்ணுதான் தெரியணும். வெளியூர்ப் பொருள் அந்த வயலுக்கு வந்தது அவ்வளவு பெரிய குத்தமா?"

டாக்டர் சாய்ந்து உட்கார்ந்தார். கேட்பதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. "அம்மா, மண்ணுங்கறது ஒரு புத்தகம். அதுல இல்லாத ஒரு பக்கத்தக் கொண்டுவந்து சொருகினா, மொத்தப் புத்தகமும் பொய்யாயிடும். யாரு இதச் செஞ்சிருந்தாலும் வரலாற்றுக்குத் துரோகம் பண்ணவங்க."

"வேணும்னே செய்யாம, கவனக்குறைவா செஞ்சிருந்தா?"

"கவனக்குறைவுக்குத்தான் மன்னிப்பே கிடையாது. திருடனுக்காவது பொருளோட மதிப்பு தெரியும். கவனக்குறைவா இருக்கறவன் இந்தத் துறைப் பக்கமே வரக்கூடாது."

"அப்படிப்பட்டவங்களுக்கு என்ன தண்டனை?"

"தண்டனைன்னு குழு சொல்றதில்ல. பரிகாரம்னு சொல்லுவோம். அந்த ஏழு பண்ணைக்கும் நேர்ல போகணும். வாசல்ல நின்னு, தான் செஞ்சதத் தன் வாயால ஒத்துக்கணும். அதுக்கப்புறம்தான் பதிவேட்டுல கோட்ட அழிக்கறதப் பத்திக் குழு யோசிக்கும்."

டெஸ் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார், தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று. போகவும் தயாராகிவிட்டார், பாவம்.

"எழுதிக்கிட்டீங்களா மிஸ் க்ரோம்?" என்றேன்.

மிஸ் க்ரோம் படித்துக் காட்டினார். டாக்டர் ஒரு திருத்தம் சொன்னார்: "தெளிவான குரல்லன்னு சேத்துக்கங்க. முணுமுணுத்துட்டு வந்துடக் கூடாது." சேர்த்தார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"மேல வாங்க," என்றேன்.

"மேல்மாடி காட்சித் துறை. நாங்க அடையாளத் துறை," என்றார் டாக்டர். "பதினோரு வருஷமா அந்தப் படியேறறதுக்கு எனக்கு அவசியம் வந்ததில்ல."

"இப்ப வந்திருக்கு."

ஆர்தர் பெட்டியைத் திறந்தார். தக்கையை உருவினார். நான் கொடுத்ததை நாலாவது மூலையில் செருகினார். அது போய் உட்கார்ந்தது. பேழை மூன்று வருடத்துக்குப் பிறகு நேராக நின்றது.

மிஸ்டர் டில்னிதான் முதலில் பேசினார். "பெட்டிய குதிரை மேல ஏத்திக் கொண்டுபோயிருக்கலாம்," என்றார்.

டாக்டர், குப்பையை அப்புறப்படுத்துவது நிர்வாகத் துறையின் பொறுப்பு என்று ஆரம்பித்தார். நான் கையெழுத்துப் போட்ட உத்தரவைக் காட்டினேன். தான் தலைவர் என்ற முறையில்தான் கையெழுத்துப் போட்டதாகவும், அறிஞர் என்ற முறையில் போடவில்லை என்றும் சொன்னார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். மிஸ் க்ரோம் அவர் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பிரித்து, சற்றுமுன் எழுதியதை மறுபடி மெதுவாகப் படித்தார். தெளிவான குரலில் என்பது வரை.

"அந்தக் கோட்ட மட்டும் அழிச்சாப் போதும் கிளெண்டா," என்று டெஸ் என் கையைப் பிடித்தார்.

"போதாது," என்றேன்.

மறுநாள் காலை டாக்டரை என் காரில் ஏற்றிக்கொண்டேன். டெஸ் பின்னால் உட்கார்ந்தார். முதல் ஆறு பண்ணைகளிலும் வேலை சீக்கிரம் முடிந்தது. ஒரு வீட்டில் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. இன்னொரு வீட்டில் பாலாடைக்கட்டி ரொட்டி கொடுத்தார்கள், டெஸ்ஸுக்கும் எனக்கும். ஏழாவது வில்ஃப் வீடு. வில்ஃப் வீட்டில் இல்லை. வயலில், பீட்ரூட் அள்ளும் ஆட்களோடு, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரவு முழுக்க மழை பெய்திருந்தது. டாக்டர் தன் பளபளப்பான காலணியோடு சேற்றில் இறங்கி நடந்தார். நாங்கள் பத்தடி பின்னால் வேலியோரமாக நின்றோம்.

டாக்டர் சொன்னார். வில்ஃப் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் டாக்டரே. இன்னொரு தடவ சொல்லுங்க."

டாக்டர் இன்னும் பலமாகச் சொன்னார். வில்ஃப் தலையை ஆட்டினார், புரியவில்லை என்று. ஆட்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள்.

"யாரு பொய் சொன்னாங்கறீங்க?"

"யாரும் சொல்லல," என்று டாக்டர் கத்தினார். "டெஸ்மண்ட் மாப்ஸ் உண்மையத்தான் சொன்னார்."

முதல்முறையாக அவர் பெயர் அந்த வாயிலிருந்து சரியாக வந்தது. ஆனாலும் என் மனம் இரங்கவில்லை.

"அப்ப அந்தச் சாமானு எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் குப்பையில போடச் சொன்னேன். அது உரத்தோட வந்துடுச்சு."

"என்ன போட்டீங்க?"

"குப்பையில போட்டேன்," என்று டாக்டர் இரண்டு கைகளையும் வாயோரம் குவித்துக்கொண்டு கத்தினார். "எங்க பொருள நானே குப்பையில போட்டேன். அத எனக்கே அடையாளம் தெரியல." பக்கத்து வயலிலிருந்த காக்கைகள் எழும்பின. ஆட்களில் ஒருவன் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

டெஸ்ஸின் குரல் எப்போதுமே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும். பக்கத்தில் படுக்கும் நானே இரண்டு தடவை கேட்பேன். அவர் வேலியோரம் நின்றபடியே, தனக்குத்தானே பேசிக்கொள்வது போல, "போதும் வில்ஃப். ஞாயித்துக்கிழம நான் வரலாமா?" என்றார்.

"வா டெஸ்ஸு," என்றார் வில்ஃப், திரும்பிக்கூடப் பார்க்காமல். "எட்டு மணிக்கு மேல வா. வயல் கேட்டத் தொறந்து வைக்கிறேன்."

டாக்டர் வில்ஃபின் காதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் போய்க் காரைக் கிளப்பினேன், அவர் ஏறுவதற்கு முன்பே.